கூப்பூசாமி என்றால் யார்? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெயரின் வேரைத் தேடும் வழி

எங்கள் குடும்பப் பெயர் கூப்பூசாமி. டர்பனில் பள்ளிக்கூடம் படித்த நாளெல்லாம் அதற்கு அர்த்தம் கேட்டவர்களிடம் "ஏதோ சாமி பேர்" என்றுதான் சொல்லிவந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் இப்படித் தேடிப் பாருங்கள்.

முதலில் ஆங்கில எழுத்தை மறந்துவிடுங்கள். அன்று பெயரைப் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிவைத்தார், அவ்வளவுதான். வாய்விட்டுச் சொன்னால் கோவெண்டரில் கவுண்டர் கேட்கும். மூட்லியில் முதலி, மூன்சாமியில் முனுசாமி. எங்களுடையது குப்புசாமி.

அப்புறம், அது சாதிப் பட்டமா ஆள் பெயரா என்று பிரியுங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914இல் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் முழுப் பெயர் வள்ளியம்மா முனுசாமி முதலியார். தன் பெயர், அப்பா பெயர், பட்டம். பல வீடுகளில் மூன்றாவது உதிர்ந்து, அப்பா பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளைக்குப் பட்டம் நின்றது. அவருடைய 'நவி' நவநீதம். வெண்ணெய் என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்! ஆனால் ஒரு விஷயம்: பட்டம் ஒன்றாக இருந்தாலே உறவு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆள் பெயரென்றால் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர், டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண், அதுதான் காலனி நம்பர். பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களில் அந்த நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதை வைத்துப் பட்டியலில் அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்புவரை தெரிய வாய்ப்புண்டு. அப்படிக் கப்பலில் வந்த எங்கள் மூதாதை குப்புசாமி வட ஆற்காட்டுக்காரர், இடது முழங்காலில் தழும்பு.

பட்டியல் அர்த்தம் சொல்லாது. அதற்கு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள், போனில் பதிவு செய்யுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் ஆயாதான் சொன்னார்: பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி, யாரிடமாவது கொடுத்து, ஒரு பிடி தவிடு தந்து திரும்ப வாங்குவார்களாம். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். அதனால் குப்பு. எங்கள் குப்புசாமிக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம்.