ஃபோர்ட் எட்ஜ் வாங்க யோசிக்கிறீர்களா? முதலில் வின் எண்ணின் எட்டாம் இடத்தைப் பாருங்கள்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து, முதல் பனி கொட்டுவதற்குள் குடும்பத்துக்கு ஒரு வாகனம் எடுத்துவிட வேண்டும் என்று அலைபவர்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எட்ஜ் ஒண்டு நிக்குது, நல்ல விலை, சேஃப்டியோட தருவினம்." விலை நல்ல விலைதான். அதே வயதுள்ள ரொயோட்டா ராவ்4, ஹொண்டா சிஆர்-வி கேட்கும் காசுக்கு எட்ஜில் இன்னும் பெரிய, வசதியான வாகனம் கிடைக்கும். ஆனால் குறிப்பிட்ட நாலு வருடத்து மொடல்களில், குறிப்பிட்ட ஒரு எஞ்சினில், வாகனத்தின் விலையில் பாதியை விழுங்கும் கோளாறு ஒன்று இருக்கிறது. வாகனம் வீதியில் ஓடத் தகுதி என்று மெக்கானிக் தரும் சேஃப்டி சான்றிதழ் அதைக் கண்டுபிடிக்காது. அதில் மாட்டிய நம்மவர் குடும்பங்களின் கையிலும் அந்தச் சான்றிதழ் பத்திரமாகத்தான் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல்.

எட்ஜ் இங்கேயே, ஓக்வில் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வாகனம். 2007 மொடலாக வந்தது. 2015-இல் இரண்டாம் தலைமுறை தொடங்கியது. 2024 ஏப்ரலில் உற்பத்தி நின்றது. நின்றுபோன வாகனத்துக்குப் பாகம் கிடைக்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். இப்போதைக்கு அந்தப் பயம் வேண்டாம். எஸ்கேப், ஃபியூஷன், லிங்கன் நோட்டிலஸ் ஆகிய ஃபோர்ட் நிறுவன வாகனங்களோடு பல பாகங்கள் பொதுவானவை; ஒன்ராறியோவில் ஓடும் எட்ஜ்களும் ஏராளம். கவலைப்பட வேண்டியது மறுவிற்பனை விலையைப் பற்றி. இலங்கையில் இருபது வருடத்துக் காருக்கும் விலை இறங்காது. அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். வாங்கும் காசு போன காசு என்று நினைத்து, எத்தனை வருடம் ஓடும் என்பதை மட்டும் பாருங்கள்.

குடும்பத்துக்குப் பொருந்துமா? ஐந்து இருக்கைதான், மூன்றாவது வரிசை எந்த எட்ஜிலும் இல்லை. அம்மா அப்பாவைச் சூப்பர் விசாவில் கூப்பிடப் போகிறவர்கள், மூன்று பிள்ளைகள் உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு வேறு பாருங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் தாராளம். பின் இருக்கை அகலம், டிக்கியில் ஸ்ட்ரோலரும் ஒரு மாதச் சாமானும் சேர்ந்தே போகும். பிள்ளை இருக்கையை ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை ஒட்டாத இருக்கை இங்கே செல்லாது.

கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் 20 டொலருக்கு யூ.வி.ஐ.பி என்னும் தகவல் பொதி எடுத்துத் தர வேண்டும். அது அவருடைய சட்டக் கடமை. முந்தைய உரிமையாளர்கள், ஒன்ராறியோவில் வாகனத்தின் மேல் உள்ள கடன் எல்லாம் அதில் இருக்கும். விபத்து வரலாறு இருக்காது, அதற்குக் கார்ஃபாக்ஸ் கனடா அறிக்கை தனியாக வேண்டும். பதிவு மாற்றும்போது 13% வரி கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த விலைக்கோ, கனேடியன் ரெட் புக் என்னும் விலைப் பட்டியல் சொல்லும் மொத்த வியாபார விலைக்கோ, எது கூடவோ அதற்குத்தான் வரி. ஆகவே ரசீதில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்று விற்பவர் சொன்னால் அதில் உங்களுக்கு லாபமில்லை, சிக்கல் மட்டும்தான். நம்பர் பிளேட் விற்பவரோடு போய்விடும், உங்களுக்கு உங்கள் பெயரில் வேறு பிளேட். டீலரிடம் வாங்கினால் அவர் வாகன டீலர்களை மேற்பார்க்கும் ஓம்விக்கில் பதிந்தவரா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் கிடையாது. ஒரே ஆள் பல வாகனங்களைத் தன் சொந்த வாகனம் என்று விற்றால், அதுவும் பதிவில் அவர் பெயரே இல்லை என்றால், அங்கிருந்து விலகிவிடுங்கள்.

இனிச் சேஃப்டி. அந்தச் சான்றிதழுக்காக மெக்கானிக் பார்ப்பது பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ரயர், விளக்கு, கண்ணாடி, துரு போன்றவற்றை. வாகனம் இன்றைக்கு வீதியில் ஓடத் தகுதியான நிலையில் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. 36 நாள் செல்லுபடியாகும், உத்தரவாதம் எதுவும் இல்லை. எஞ்சின் நாளைக்கு நின்றாலும் சான்றிதழ் கொடுத்தவரிடம் போய்க் கேட்க முடியாது.

கோளாறு இதுதான். 2015 முதல் 2018 வரையான எட்ஜில் வந்த 2.0 லீற்றர் எக்கோபூஸ்ட் டேர்போ எஞ்சினில், சிலிண்டர்களுக்கு நடுவே எஞ்சினின் உடலான பிளொக்கின் மேல் முகத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுவதற்காக ஒடுங்கிய வெட்டுகள் உண்டு. அந்த இடத்தில், பிளொக்குக்கும் அதன் மேற்பகுதிக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெட் என்னும் அடைப்புத் தகடு அழுந்தி அடைக்க மிகக் குறைந்த இடம்தான் இருக்கிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு கட்டத்தில் அந்த அடைப்பு விட்டுக்கொடுக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அழுத்தத்தோடு இருக்கும் கூலன்ட், சிலிண்டருக்குள் சொட்டுச் சொட்டாகக் கசியும். வெளியே ஒரு துளியும் விழாது, கராஜ் தரை காய்ந்தே இருக்கும். கூலன்ட் போத்தலில் மட்டம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். அடுத்த கட்டம், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அரை நிமிடம் உதறல், பிறகு சரியாகிவிடும். அதற்கடுத்தது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது), எஞ்சின் விளக்கு, அதிக சூடு.

காஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது, வெட்டு இருப்பது பிளொக்கில். ஃபோர்டே தன் டீலர்களுக்குச் சொன்ன திருத்தம், பிளொக்கும் உள்பாகங்களுமாக எஞ்சினின் அடிப்பகுதியையே மாற்றுவது. கனடாவில் ஃபோர்டின் எஞ்சின் உத்தரவாதம் 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். இந்த மொடல்கள் எல்லாம் அதைத் தாண்டிவிட்டன, செலவு முழுக்க உங்கள் தலையில். கசிவை அடைக்கும் திரவம் ஊற்றிச் சமாளித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அது சில வாரம் தாங்கும், பிறகு ஹீட்டர் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

ஆகவே விளம்பரத்தைப் பார்த்ததும் வின் எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண் அது, 17 இடம். இரண்டாம் தலைமுறை எட்ஜ் என்றால் தொடக்கம் 2015-இல் 2எஃப்எம்டிகே (2FMTK), 2016 முதல் 2எஃப்எம்பிகே (2FMPK) என்று இருக்கும். ஆறாவது இடம் 3 என்றால் முன்சக்கர இழுவை, 4 என்றால் நான்கு சக்கரமும். எட்டாவது இடம்தான் எஞ்சின்: 9 என்றால் 2.0 டேர்போ, 8 என்றால் 3.5 வி6, பி (P) என்றால் 2.7 டேர்போ வி6. பத்தாவது இடம் வருடம்: எஃப் 2015, ஜி 2016, எச் 2017, ஜே 2018, கே 2019. எட்டில் 9-உம் பத்தில் எஃப், ஜி, எச், ஜே இவற்றில் ஒன்றும் இருந்தால் அதுதான் அந்த எஞ்சின். 2019-இல் எட்ஜுக்கு வந்த 2.0 வேறு பிளொக், அந்த வெட்டு அதில் இல்லை. கியர்பெட்டியும் ஆறிலிருந்து எட்டு வேகத்துக்கு மாறிவிட்டது.

2015–2018-இல் உள்ள 2.0-ஐத்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால், பார்க்கும் முறை இது. விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள், பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் போத்தலின் மட்டம் இரு கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். இந்த வருடங்களில் தொழிற்சாலை ஊற்றியது செம்மஞ்சள் கூலன்ட். பின்னாளில் ஃபோர்ட் மஞ்சளுக்கு மாறியது, அதனால் மஞ்சள் இருந்தால் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று ரசீது கேளுங்கள். பச்சையோ, நிறம் வெளிறிய தண்ணீரோ இருந்தால் யாரோ அடிக்கடி ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

பிறகு ஸ்டார்ட். முதல் ஒரு நிமிடம் ஒருவர் உள்ளே இருந்து உதறலைக் கவனிக்கட்டும், ஒருவர் பின்னால் புகைக்குழாயைப் பார்க்கட்டும். குளிர்காலத்தில் இங்கே எல்லா வாகனமும் வெள்ளையாகத்தான் விடும், அது நீராவி, சில அடி போவதற்குள் கரைந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் தடித்துத் தொங்கி நிற்கிற, இனிப்பு மணம் வருகிற புகைதான் கூலன்ட். இந்த வித்தியாசம் முதல் குளிர்காலத்தில் இருப்பவருக்குத் தெரியாது, விற்பவருக்குத் தெரியும். வாகனத்தின் கணினியைப் படிக்கும் கைக்கடக்கமான ஓபிடி கருவி ஒன்று கொண்டுபோய்க் கோளாறு எண்களைப் படியுங்கள். பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர். எண் எதுவும் இல்லாமல், வாகனம் தானே செய்யும் உள் பரிசோதனைகள் பல "தயாரில்லை" என்று காட்டினால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஊரில் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போவோமே, அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிடாதீர்கள். விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம். "வாங்கும் முன் பரிசோதனை" என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பிரேக்கும் ரயரும்தான் பார்ப்பார். இப்படிக் கேளுங்கள்: கூலன்ட் அமைப்பில் மூடியில் குறித்த அழுத்தத்தை ஏற்றிச் சில மணி நேரம் விட வேண்டும், பிறகு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, போரோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கமராவை இறக்கி, பிஸ்டனின் தலையைப் பார்க்க வேண்டும். மற்றவை கரியோடு இருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தாலோ, ஈரம் தெரிந்தாலோ, முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. இதற்குச் சில நூறு டொலர் கேட்பார்கள், கொடுங்கள். விற்பவர் இந்தப் பரிசோதனைக்கு மறுத்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மறுபக்கம், எஞ்சின் ஏற்கெனவே மாற்றப்பட்டது என்று டீலரின் ரசீதோடு ஒரு வாகனம் வந்தால், அதை ஒதுக்காதீர்கள். புதிய வடிவப் பிளொக்கா என்று பாக எண்ணை வைத்து ஃபோர்ட் பாகக் கடையில் கேட்டு உறுதிசெய்தால் அது நல்ல பேரம்.

3.5 வி6 எடுத்தால் நிம்மதியா என்றால், பாதி நிம்மதி. டேர்போ இல்லை, எஞ்சின் உறுதியானது. ஆனால் தண்ணீர்ப் பம்ப் எஞ்சினுக்குள்ளே, டைமிங் செயினால் சுழலும்படி வைக்கப்பட்டிருக்கிறது. சீல் தேய்ந்தால் கூலன்ட் ஓல்டர்னேட்டர் பக்கமாக வெளியே கசியலாம், அல்லது நேரே ஒயிலுக்குள் இறங்கலாம். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், பால் கலந்த நிறம் இருந்தால் வேண்டாம். ஒயில் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய நுரை இருந்தால் அது குளிரில் குறுந்தூரம் ஓடியதால் வந்த ஈரமாகவும் இருக்கலாம், குச்சிதான் சாட்சி. பம்பின் விலை பெரிதல்ல, முன்பக்கத்தைப் பிரித்து செயினைக் கழற்றும் கூலிதான் பெரிது. 2.7 வலுவானது, பெற்றோலும் அதிகம். ஒயில் தட்டு கசிகிறதா என்று பாருங்கள்.

நான்கு சக்கர இழுவை இருந்தால் முன்பக்கம் கியர்பெட்டியோடு ஒட்டிய, பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்து அனுப்பும் பெட்டியைக் கீழிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் இருப்பது அரை லீற்றர் அளவு ஒயில்தான், கொஞ்சம் கசிந்தாலே வெந்துபோகும். நாலு ரயரும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், இரண்டு புதிது இரண்டு பழையது என்றிருந்தால் அந்தப் பெட்டிக்குக் கேடு. நான்கு சக்கர இழுவை குளிர்கால ரயருக்குப் பதிலாகாது. 18 அங்குலச் சக்கரம் உள்ளதைத் தேடினால் ரயர் செலவு குறையும், குளிர்கால ரயருக்கு இன்சூரன்ஸ் கழிவும் உண்டு.

கோளாறைத் திருத்தித் தரக் கம்பனி வாகனத்தைத் திருப்பி அழைக்கும் ரீகோல் ஏதும் மிச்சமா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 2015–2018 எட்ஜுக்கு முன் பிரேக் குழாய் வெடிப்பதாக 2020-இலும், பின் பிரேக் குழாய்க்கு 2025-இலும் ரீகோல் வந்தது. கியர் கேபிளைப் பிடித்திருக்கும் புஷ் என்னும் சிறு வளையம் உதிர்வதற்கும் ஒன்று உண்டு. அது உதிர்ந்தால் நீங்கள் பார்க்கில் போட்டதாக நினைக்கும் வாகனம் உருளும். கனடா ஃபோர்ட் தளத்தில் வின் எண்ணைப் போட்டால் எது மிச்சம் என்று தெரியும். அந்த வேலை எந்த ஃபோர்ட் டீலரிடமும் இலவசம், உரிமையாளர் எத்தனை பேர் மாறியிருந்தாலும்.

என் தெரிவு 2019 முதல் வந்த 2.0. நூறு கிலோமீற்றருக்குச் சுமார் 10 லீற்றர் குடிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது மெதுவாக, நின்று நின்று போகும் வீதியில் ஓட்டுங்கள். எட்டு வேகக் கியர் தாழ்ந்த வேகத்தில் இடித்து மாறுகிறதா என்று அங்கேதான் தெரியும். காசு அதற்குப் போதாதென்றால் ரசீதுகள் ஒழுங்காக உள்ள 3.5 வி6. பழைய 2.0-ஐ, மேலே சொன்ன போரோஸ்கோப் சோதனை இல்லாமல், விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள். விலை சொல்லும் முன் இன்சூரன்ஸுக்கு அதே வின் எண்ணைக் கொடுத்து மாதக் கட்டணம் கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவருக்கு அந்தக் கட்டணம் வாகனத் தவணையையே மிஞ்சிவிடக்கூடும். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கான அத்தாட்சிக் கடிதத்தை வரும்போதே எடுத்து வந்திருந்தால், முழு ஓட்டுநர் உரிமத்துக்கான ஜி சோதனைக்கு நேரே போகவும் கட்டணத்தைப் பேசவும் அது உதவும்.