வசூல் வேலையிலிருந்து மோட்டார் வைண்டிங்குக்கு: மனசுக்கு ஒத்த வேலைக்கு மாறுவது எப்படி

குழுக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடம் வசூல் வேலை பார்த்தேன். ஈரோடு மாவட்டத்தில் பவானி, அந்தியூர் பக்கத்துக் கிராமங்கள்தான் என் லைன். இப்போது பவானியில் சின்னதாகக் கடை போட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன், அதாவது எரிந்துபோன மோட்டாருக்குள் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிறேன். "எனக்கும் பார்க்கிற வேலை மனசுக்கு ஒப்பலை, நீங்க எப்படி வெளியே வந்தீங்க?" என்று கேட்பவர்களுக்காக, நான் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், வேலையில் எது உறுத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். "வேலையே பிடிக்கலை" என்பது போதாது. ஒரு மாதம் தினமும் படுக்கும் முன் பாக்கெட் டைரியில் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எப்போது மனசு கனத்தது, எப்போது லேசாக இருந்தது. எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, பைக்கில் ஊர் ஊராகப் போவது எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு பிடித்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசுவதும்தான். கனத்ததெல்லாம் ஒரே இடத்தில், தவணை கட்ட முடியாத வீட்டு வாசலில்.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் இந்த மாதிரிக் கடனை வசூலிக்கப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதி போட்டுவிட்டது. எங்கள் கிளையில் ஏழு மணிக்கே அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒரு வீட்டில் ஓர் அக்கா அடுப்பில் உலை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் அடுப்பை அணைத்தார். அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை எடுத்து எண்ணினார். தவணை 640 ரூபாய், கையில் 410தான் இருந்தது. யூனிஃபார்ம் போட்ட பையன் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அன்று ராத்திரி டைரியில் எழுதினேன்: "நான் வந்து போனால் அந்த வீடு நல்லா இருக்கணும்."

கொள்கை, இலட்சியம் என்று பெரிய வார்த்தை தேட வேண்டாம். இந்த மாதிரி ஒரே ஒரு வரி உங்களுக்கும் கிடைக்கும். அது கிடைக்கும்வரை வேலையை விடாதீர்கள்.

அப்புறம், அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுங்கள். பிடித்திருந்தவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் சுற்றிய ஊர்களில் கோடை வந்தால் ஒரே பேச்சு, மோட்டார் எரிந்துபோச்சு என்பதுதான். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டது தெரியாமல் ஓடவிட்டால் காயில் கருகிவிடும். கடையில் கொடுத்தால் நாலு நாள் ஆகும், அதற்குள் பயிர் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இந்த வேலைக்கும் ஊர் ஊராகப் போகலாம், கணக்கும் வேண்டும். முடித்துவிட்டு வரும்போது அந்தத் தோட்டத்தில் தண்ணீர் ஓடும்.

வேலையில் இருக்கும்போதே பழகுங்கள். எட்டு மாதம் ஞாயிறுதோறும் ஒரு வைண்டிங் கடையில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு மாதம் எரிந்த காயிலைப் பிரிப்பது மட்டும்தான். பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ் (தடிமன்) பார்த்து, இணைப்பை நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் கரண்டை அதிகம் இழுத்துச் சூடாகும். எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னால் கடைக்கார அண்ணன் திட்ட மாட்டார், கட்டியதை முழுக்கப் பிரிக்கச் சொல்வார். ஒரு நாள் முழுக்க நின்று செய்தும் சலிப்பு வரவில்லை என்றதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. உங்களுக்கு நாலு ஞாயிறிலேயே சலித்துவிட்டால் அதுவும் நல்லதுதான், சம்பளத்தை இழக்காமல் தெரிந்துகொண்டீர்கள்.

பணத்தில் மூன்று விஷயம். ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடம் முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை, பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். எனக்கு அடிப்படை 14,000, ஐந்து வருடத்துக்கு 40,384 ரூபாய். நாலரை வருடத்தில் கோபத்தோடு கிளம்பப் பார்த்தவன் நான். இந்தக் கணக்குதான் நிறுத்தியது. இரண்டாவது, கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தப் பாலிசியில் விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் பணம் கிடைக்காது. அதனால் ராஜினாமாவுக்கு இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். மூன்றாவது, ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். எனக்கு முதல் ஆறு மாதம் 9,000, 10,000 என்றுதான் வந்தது. பழைய சம்பளத்தைத் தொட ஒன்றரை வருடம் ஆனது.

வீட்டில் "விடப் போறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். கணக்கு எழுதிய தாளை வையுங்கள், டைரியையும் படிக்கக் கொடுங்கள். என் மனைவி அரிசி டப்பா பக்கத்தை இரண்டு முறை படித்தாள். அப்புறம், "பாப்பா ஸ்கூல் ஃபீஸை மட்டும் முதல்ல தனியா எடுத்து வெச்சிருங்க" என்றாள்.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. புதுத் தொழிலிலும் அந்த வரிக்குச் சோதனை வரும். எரிந்த மோட்டாரில் இருந்து கிலோக்கணக்கில் பழைய காப்பர் கிடைக்கும், அதற்கு நல்ல விலை உண்டு. கொடுத்தவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. வாடகை கொடுக்கத் திணறிய மாதத்தில் அந்தச் சாக்குமூட்டையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாளே ஒரு தராசு வாங்கினேன். இப்போது பழைய காப்பரை எடை போட்டு, பையில் கட்டி, பெயர்ச் சீட்டு ஒட்டி மோட்டாரோடு கொடுக்கிறேன். வேண்டாம் என்பவர்களுக்குக் கூலியில் கழித்துவிடுகிறேன்.

முதல் பையை வாங்கிய அந்தியூர்ப் பெரியவர், "இது எதுக்கு சாமி?" என்றார்.

"உங்களுதுங்க ஐயா" என்றேன்.