ஆட்காட்டி கத்தினால் நில்லுங்கள்: குளக்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் பேரூர் பக்கம், நொய்யல் தண்ணீர் வரும் குளம் ஒன்றின் கரையில் மாதம் ஒருமுறை புதியவர்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்க நடக்கிறேன். சென்ற ஏப்ரலில் வந்த ஒரு தம்பி, தண்ணீர் வற்றிய பகுதியில் கேமராவோடு இறங்கிவிட்டான். தலைக்கு மேல் இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டே சுற்றின. "அண்ணா, எவ்வளவு பக்கத்துல வருது பாருங்க!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். பதினைந்து வருடத்துக்கு முன் இதே சந்தோஷத்தோடு நானும் அப்படித்தான் நின்றேன்.

பளிச்சென்ற சட்டை, சத்தமான பேச்சு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு முறை நடந்தால் அவை தானாகப் புரிந்துவிடும். தலைக்கு மேல் பறவை ஏன் கத்துகிறது என்பது அப்படிப் புரிவதில்லை.

கோடையில் கரையை விட்டு இறங்குவது

மார்ச் வாக்கில் குளம் வற்றி, வண்டல் காய்ந்து வெறும் தரை தெரியும். நமக்கு அது நடக்க வசதியான இடம். ஆட்காட்டிக்கு அதுதான் பிரசவ அறை. கூடு என்று சொல்ல எதுவும் இருக்காது. உள்ளங்கை அளவு குழி, ஓரத்தில் சின்னக் கற்கள், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். மண் நிறம், அதன்மேல் கருந்திட்டு. இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது.

வெயில் ஏறியபிறகு பறவை முட்டைமேல் உட்கார்வது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்தும் முட்டையைக் குளிர வைக்கும். நாம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெந்துகொண்டிருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முன் அன்று நான் அரைமணி நேரத்துக்குமேல் நின்று படம் எடுத்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் கரையிலிருந்து கூப்பிட்டார். "கண்ணு, அது உங்களப் பாத்துத்தான் கத்துது. முட்ட அங்கதான் எங்கயாவது கெடக்கும். மேல வந்துருங்க." ஏறி வந்தேன். ஆனால் கரைமேல் இருந்த ஒரு காகமும் அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் நின்ற இடத்தில் நேராகப் போய் இறங்கியது. இரண்டு ஆட்காட்டிகளும் மாறி மாறிப் பாய்ந்தும் அதை விரட்ட முடியவில்லை. பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது: அலகில் ஒரு முட்டை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இன்னொன்று. அன்று எடுத்த படங்கள் நன்றாகத்தான் வந்திருந்தன.

இப்போதும் முட்டையை நெருங்கி எடுத்த படங்களைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். இடத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பறவை போஸ் கொடுக்கவில்லை, கதறுகிறது.

கத்தல் கேட்டதும் நில்லுங்கள். தேட வேண்டாம். வந்த காலடித் தடத்திலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு திரும்புங்கள். அந்தத் தம்பியை அப்படித்தான் வரவழைத்தேன். கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் ஒரு பறவை நடந்து வந்தது. நேராகப் போகாமல் அங்கே இங்கே கொத்துவதுபோலச் சுற்றிவிட்டு, மெல்லக் காலை மடக்கி உட்கார்ந்தது. அவன் கேமராவைத் தூக்கவே இல்லை.

பறவையின் குரலை அலைபேசியில் போட்டுக் கூப்பிடுவது

வேண்டாம்.

வெயிலைப் பார்த்து நிற்பது

காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். இல்லையென்றால் நீர்க்காகமும் நாமக்கோழியும் ஒரே கறுப்பு.

"மடையான்தானே" என்று தாண்டிப்போவது

எல்லோரும் அரிய பறவையைத் தேடி ஓடுகிறார்கள். மடையான் என்னும் சின்னக் கொக்கை ஒழுங்காகப் பார்த்தவர்கள் குறைவு. குளிர்காலத்தில் கழுத்தெல்லாம் கோடு போட்ட மண் நிறம். இனப்பெருக்கக் காலம் வந்ததும் முதுகு அடர்ந்த செம்பழுப்பாக மாறிவிடும். உடனே "அண்ணா, புதுக் கொக்கு ஒன்னு வந்திருக்கு" என்று போன் வரும். எந்த நிறத்தில் இருந்தாலும் பறக்கும்போது இறக்கை தூய வெள்ளை. அதைப் பாருங்கள், போதும்.

நாமக்கோழி, முக்குளிப்பான், மடையான் இவற்றை மாதாமாதம் எண்ணி வைத்தால்தான் குளத்தின் நிலை தெரியும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் இந்த எண்ணிக்கைதான் வேண்டும்.

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது

எழுத மாட்டீர்கள். கரையிலேயே எழுதுங்கள்.