மரப்பலகைச் சுவரைப் பிடுங்க வேண்டாம், பெயிண்ட் அடித்தே சின்ன அறையை வெளிச்சமாக்கலாம்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கிறது. 1990களில் மாமனார் ஆசை ஆசையாகச் செய்தது: இரண்டு சுவர்களுக்குத் தரையிலிருந்து உச்சிவரை தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய பிளைவுட், அடிக்கு ஒரு காடி, அதாவது நெட்டுக்குத்தான பள்ளக்கோடு, அதன்மேல் காப்பிக்கொட்டை நிறத்தில் பாலிஷ். டாக்டர் கிளினிக், வக்கீல் ஆபீஸ், கொஞ்சம் வசதியான வீட்டு ஹால் என்று அப்போது எங்கே போனாலும் இதுதான் கண்ணில் படும். அந்தப் பாலிஷ் வருஷா வருஷம் கறுத்துக்கொண்டே வந்து, வெளியே வேலூர் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில்கூட உள்ளே 11 மணிக்கு டியூப்லைட் போட்டால்தான் பிள்ளைகளால் படிக்க முடியும் என்ற நிலைமை ஆகிவிட்டது.

பலகையைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் ஒரு மூலையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்த ஏம்மா பிடுங்கணும்? பலகை இன்னும் கல்லாட்டம் கீது" என்றார். அவர் சொன்னது சரிதான். பிடுங்கினால் பின்னாலிருக்கும் ரீப்பர் கட்டைக்கு ஆணி அடித்த ஓட்டையெல்லாம் சுவரில் வாயைப் பிளந்து நிற்கும், பூச்சும் பெயர்ந்து வரும், அப்புறம் கொத்தனார், பட்டி, பெயிண்டர் என்று செலவு வேறு எங்கோ போய்விடும். பலகை நன்றாக இருந்தால் அதன்மேலேயே பெயிண்ட் அடிக்கலாம், இதுவரை பிரஷ் பிடிக்காதவர்களும் செய்யலாம். ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை, அதற்கு முன்னால் தேய்ப்பதுதான் உண்மையான வேலை.

முதலில் பலகையைச் சோதியுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு முழத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். கட்டை இல்லாத இடத்தில் லேசாக முழங்கும், அது பரவாயில்லை. ஆனால் பலகை அமுங்கினாலோ, ஓரத்தில் மண் கோடு ஏறியிருந்தாலோ கரையான் வந்திருக்கிறது என்று அர்த்தம். குண்டூசி ஓட்டையும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் அது உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. இரண்டில் எது இருந்தாலும் அந்தப் பலகையைக் கழற்றி மருந்து வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அடிப்பக்கம் கறுத்து உப்பியிருந்தால் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். ஓதத்தின்மேல் அடித்த எந்தப் பெயிண்டும் நிற்காது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்து, மேலே பூசியிருப்பது என்ன என்று தெரிய வேண்டும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துக் கண்ணில் படாத மூலையில் அரை நிமிஷம் தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு இறங்கினால் அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாவிட்டால் வார்னிஷ், மெலமைன் மாதிரி ஏதாவது இருக்கும். எதுவாக இருந்தாலும் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் பிரெஞ்ச் பாலிஷ் உப்புத்தாளில் சீக்கிரம் அப்பிக்கொள்ளும் என்பதால் தாள் கூடுதலாக வாங்க வேண்டும். மரத்துக்குப் பதில் சன்மைக்கா ஒட்டியிருந்தால் சாதாரண பிரைமர் பிடிக்காது, வழவழப்பான பரப்புக்கென்று விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது செய்வது? என்னைக் கேட்டால் பொங்கல் முடிந்த கையோடு, தை, மாசியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. கத்திரி வெயிலில் தலைகீழாக, பிரஷ்ஷை இழுத்து முடிப்பதற்குள் பெயிண்ட் இறுகி வரி வரியாக நின்றுவிடும். வெயில் காலத்தில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை: 120, 220 நம்பர் உப்புத்தாள், மரத்துக்கான பட்டி, ஆயில் வுட் பிரைமர், பெயிண்ட், 2 அங்குல பிரஷ், 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர், மாஸ்கிங் டேப், டர்பன்டைன், நல்ல முகக்கவசம். வுட் பிரைமர் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் கிடைக்கும். வெள்ளையே வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தச் சிவப்பை மறைக்கவே ஒரு கோட் கூடுதலாகப் போகும். எங்கள் இரண்டு சுவரும் சேர்ந்து சுமார் 180 சதுர அடி. பிரைமர் 2 லிட்டர், இரண்டு கோட்டுக்குப் பெயிண்ட் 4 லிட்டர் போதுமாக இருந்தது.

அறையைக் காலி செய்து, மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தலை சாய்த்த இடத்து எண்ணெய், சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் படலம் எல்லாம் போக வேண்டும். தேய்ப்பதற்கு முன்னாலேயே கழுவிவிடுவது முக்கியம், இல்லையென்றால் அந்த எண்ணெயை உப்புத்தாளே மரத்துக்குள் அழுத்திவிடும். ஒரு நாள் காயவிடுங்கள்.

இப்போது தேய்ப்பு. எங்கள் வீட்டில் முன்பு ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டதன் பலனைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேய்க்காமலே பெயிண்ட் அடித்த வேறொரு பலகையில் செல்லோ டேப்பால் காலண்டர் ஒட்டியிருந்தோம், வருஷம் முடிந்து அதை எடுத்தபோது பெயிண்டும் கூடவே வாழைத்தோல் மாதிரி உரிந்து வந்தது, அடியில் பழைய பாலிஷ் பளபளவென்று அப்படியே இருந்தது. அந்தப் பளபளப்பு சாக வேண்டும், அவ்வளவுதான், மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டிய அவசியமில்லை. வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அழுத்தித் தேய்த்தால் ஓட்டை விழும். சின்னக் கட்டையில் 120 தாளைச் சுற்றி, மர ரேகை போகும் பக்கமாகவே தேயுங்கள். காடிக்குள் தாளை மடித்து விளிம்பால் இழுங்கள். அப்புறம் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தேய்த்த இடம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும், விட்டுப்போன இடம் மீன் செதில் மாதிரி மின்னும். மின்னும் இடத்தையெல்லாம் திரும்பத் தேயுங்கள்.

பாலிஷுக்குப் பதில் பழைய பெயிண்ட் இருந்தால் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் வாங்கி, நனைத்தே தேயுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம், பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஆணி ஓட்டைகளை மரப் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் 220 தாளால் சமப்படுத்துங்கள். சிமென்ட் வால் பட்டி இங்கே உதவாது, மரம் அசையும்போது வெடித்துவிடும். காடிகளையும் அடைத்துவிட்டால் சுவர் மாதிரியே தெரியுமே என்று பலருக்குத் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் பலகை சுருங்கி விரியும்போது கோடு கோடாகப் பிளக்கும், தவிர, வெளிர் நிறத்தில் நெட்டுக்குத்தாக ஓடும் காடிகள் சின்ன அறையை உயரமாகக் காட்டுகின்றன.

தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் ஒரு கோட். காடிக்குள் பிரஷ்ஷால் முதலில், உடனே மேலே ரோலர். ஆயில் பிரைமரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: தண்ணீர்ப் பிரைமர் அடித்தால் மரத்தின் பழுப்புக் கறை டீ சிந்திய மாதிரி மேலே ஊறி வரும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில் 220 தாளால் ஒருமுறை லேசாகத் தடவித் துடையுங்கள்.

பெயிண்ட் மட்டும் தண்ணீரில் கரையும் எனாமலாக இருக்கட்டும். ஆயில் எனாமல் வெள்ளை, வெளிச்சம் குறைந்த அறையில் நாளாக நாளாக மஞ்சளாகிவிடும், நம் பிரச்சினையே வெளிச்சம்தானே. பளபளப்பு வேண்டாம், அது மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும், லேசாக மட்டும் மினுங்கும் சாட்டின் வகை போதும். நாங்கள் மோர் நிறம் என்று சொல்கிற அளவு வெளிர் நிறம் எடுத்தோம். மெல்லிய கோட்டாக இரண்டு, நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை விடுங்கள். காடியில் வழிந்து சொட்டு நிற்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்துவிடுங்கள். டேப்பையும் கடைசிக் கோட் முழுக்க இறுகுவதற்கு முன்பே எடுங்கள். ஆயில் பிரைமர் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், வெளியே விரித்துக் காயவையுங்கள்.

ஜன்னல் சட்டத்தை மட்டும் மாமனார் தொட வேண்டாம் என்றார். பாலிஷோடு அப்படியே விட்டோம், மோர் நிறத்துக்கு நடுவில் அந்தத் தேக்கு இப்போதுதான் தேக்காகத் தெரிகிறது.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இறுக இன்னும் நாளாகும். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே போட்டு வையுங்கள், ஒரு வாரம் கழித்து ஒட்டி நகர்த்திக்கொள்ளலாம்.