முகம் கடைசியில்: உணர்ச்சியுள்ள பாத்திரம் வரையப் பழக்குவது

"கோபமான நண்டு வரை" என்றால் ஒரு வட்டம், இரண்டு புள்ளி, கவிழ்த்துப் போட்ட வாய். பத்துப் பேர் வரைந்தாலும் பத்தும் ஒரே நண்டுதான். முகத்தில் தொடங்குவதால் வரும் வினை இது. உடம்பு பிறகு சும்மா ஒட்டிக்கொள்கிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆளுக்கு 3 ஏ4 தாள், ஒரு 2பி பென்சில், ஒரு கறுப்பு கிரேயான். பாம்பன், மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் காற்று தாளைத் தூக்கும். பரீட்சை அட்டையில் மேலே கிளிப், கீழே ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் இழுத்து ஸ்கெட்ச் பேனா மை பரவும், கிரேயானுக்கு அந்தத் தொல்லை இல்லை. அழிரப்பர் கொடுக்க வேண்டாம், பாதி வகுப்பு அழிப்பதிலேயே போய்விடும். போர்டில் மாதிரிப் படமும் வேண்டாம், அதையே பார்த்து வரைவார்கள்.

முதல் தாளை நான்காக மடிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை எழுந்து கரைவலை இழுப்பது போல் பின்னால் சாய்ந்து நிற்கட்டும். மற்றவர்கள் தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு, 20 விநாடிக்குள். கூடுதல் நேரம் கொடுத்தால் சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்து மீன்கூடை சுமப்பது, களைத்து உட்கார்வது, படகு வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது. பிறகுதான் கோட்டின் மேல் உடம்பு.

இரண்டாவது தாளில் நண்டு. அதற்குப் புருவம் கிடையாது, கண் இருக்கும் காம்புதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். காம்புகள் நிமிர்ந்து விலகினால் திடுக்கிடல், உள்பக்கம் சாய்ந்தால் கோபம், படுத்துவிட்டால் சோர்வு. கொடுக்கு தலைக்கு மேல் போனால் மிரட்டல், நெஞ்சோடு ஒட்டினால் பயம். கொடுக்கு இரண்டு போக நடக்கும் கால் எட்டு. எண்ணிக்கை தப்பினால் நீங்கள் திருத்தாதீர்கள், பக்கத்தில் இருப்பவன் சும்மா விடமாட்டான். நண்டுக்குப் பதில் கடல் பசு (கடல்புல் மேயும் பாலூட்டி) வரைந்தால், அதற்குக் கழுத்து வெளியே தெரியாது, ஆகவே முழு உடம்பையும் வளைக்க வேண்டும். கணவாய் மீன் நிஜமாகவே நிறம் மாறும். அதை வரைகிறவர்களுக்கு மட்டும் ஒரு வண்ண கிரேயான் கொடுக்கலாம்.

மூன்றாவது தாளில் மனித முகம். கண்ணை நெற்றியில் வைப்பது பிள்ளைகளின் வழக்கம். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில் லேசாக ஒரு கோடு போட்டு, கண்ணை அதில் வைக்கச் சொல்லுங்கள். நான்கு முகம், நான்கிலும் வாய் ஒரே நேர்கோடு. மாறுவது புருவம் மட்டும்: மூக்கோரம் இறங்கினால் கோபம், மூக்கோரம் ஏறினால் துக்கம், இரண்டும் கண்ணைவிட்டு மேலே போனால் வியப்பு, ஒன்று மட்டும் ஏறினால் சந்தேகம். கண்ணீர்த் துளி, பல் எல்லாம் இதற்குப் பிறகு, தேவைப்பட்டால்.

கடைசியில் நண்டின் கண்ணைக் கையால் மறைத்துப் பக்கத்துப் பிள்ளையிடம் கேளுங்கள், இது கோபமா பயமா என்று. சொல்ல முடியாவிட்டால் கண்ணைத் தொட வேண்டாம். தாளின் பின்பக்கம் உடம்பை இன்னொரு முறை, போன தடவையைவிட இரண்டு மடங்கு சாய்த்து.