சாரல் ஊரில் பெரிய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் முறை

செங்கோட்டையில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் சாரல், கொடியில் போட்ட துணியைக் காயவிடாதது போலவே பிலிமையும் சமமாகக் கிடக்க விடாது. நாலுக்கு ஐந்து அங்குல நெகட்டிவ்களை வீட்டில் ஸ்கேன் செய்ய நினைப்பவர்கள், முடிந்தால் மாசி, பங்குனியில் அந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் நெகட்டிவ்களை இரண்டு நாள் வைத்திருந்து எடுக்கலாம்.

மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர்தான் இதற்கு உதவும். எப்சன் வி850 போன்றவை எட்டுக்குப் பத்து அங்குலம் வரை ஏற்கும்.

இவ்வூர் திருவிதாங்கூரோடு இருந்த, அதாவது 1956-க்கு முந்தைய, குடும்பப் படங்கள் கையில் இருந்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். 'சேஃப்டி' என்ற எழுத்து இல்லாமல், மஞ்சளித்துப் பிசுபிசுக்கும் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கக்கூடும். அதை வெப்பம் படாமல் தனியே வைத்துவிட்டு, ஆவணக் காப்பக அனுபவமுள்ளவரிடம் கேட்க வேண்டும்.

தூசியை ஊதுகுழாயால் மட்டும் அகற்றுங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் முகச் சுருக்கங்களை மறைக்க, மங்கலாகத் தெரியும் எமல்ஷன் (படம் பதிந்துள்ள பூச்சு) பக்கத்தில் கூரான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டியிருப்பார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கன்னத்தின் மேல் அந்தக் கோடுகள் மினுங்கும். துணியால் ஒருமுறை துடைத்தாலே அந்தக் கைவேலை போய்விடும்.

நான் முதல் நெகட்டிவைக் கண்ணாடி மீதே நேராக வைத்தேன். பாட்டியின் வெள்ளைப் புடவை முழுவதும் மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற கோடுகள் விழுந்தன. பளபளப்பான பக்கம் வழவழப்பான கண்ணாடியைத் தொடும்போது தோன்றும் நியூட்டன் வளையங்கள் அவை. ஈரக்காற்றில் பிலிம் நெளிவதால் இன்னும் அதிகமாகும். பிலிமைப் பிடித்துக்கொள்ளும் சட்டமான ஹோல்டரில் பொருத்தி, மங்கலான பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்து, கிடைத்த படத்தைப் பிறகு இடவலமாகத் திருப்பிக்கொள்வதே என் வழக்கம். படம் தெளிவாக விழும் ஹோல்டரின் உயரம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் என்றாலும், இயந்திரத்துக்கு இயந்திரம் அது மாறும். எனவே கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக அடுக்கி, ஒரே முகத்தை ஒவ்வொரு உயரத்திலும் ஸ்கேன் செய்து, கண்ணிமை எதில் தெளிவாகத் தெரிகிறதோ அந்த உயரத்தை நிலையாக்குங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பில் ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் பட்டையை எதுவும் மறைக்கக் கூடாது.

ஸ்கேனர் பெட்டியில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று இருந்தாலும் உண்மையில் கிடைக்கும் நுட்பம் ஏறக்குறைய 2400-தான். அந்த அளவிலேயே நாலுக்கு ஐந்து நெகட்டிவ் 9600-க்கு 12000 பிக்சல் தரும். 16 பிட் கறுப்பு வெள்ளையில் கோப்பு சுமார் 230 எம்பி வரும். தானியங்கி ஒளியமைப்பையும் கூர்மையாக்கலையும் நிறுத்திவிட்டு, ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் இரு முனைகளிலும் சிறிது இடம் விட்டு, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி வெள்ளி அடங்கிய கறுப்பு வெள்ளைப் பிலிமில் சரிவர வேலை செய்யாது. வெள்ளியையே தூசி என்று கருதிவிடும்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் முன்னதாகவே பென்சிலால் எழுதிவைத்த எண்ணையே கோப்புக்கும் பெயராக இடுங்கள்.