அக்குள் நிணநீர்க்கணு: இளம் அறுவை மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய் அறுவையில் புதிதாகச் சேர்பவர்கள், நான் அந்த வயதில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

கணு கையில் தட்டுப்படவில்லை, அதனால் அதில் நோய் இல்லை

அக்குளையும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனில் தடித்திருக்கிறது, அதனால் புற்றுநோய்

ஊசி வைத்து உறுதி செய்யுங்கள்.

கிளிப் வைக்காமல் கீமோ தொடங்குவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். ஊசிப் பரிசோதனையில் கணுவில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது, முதலில் கீமோ என்றும் முடிவாகிவிட்டது. அப்படியானால் அந்தக் கணுவுக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைத்துவிட வேண்டும். சில நிமிட வேலை. கீமோ நன்றாக வேலை செய்தால் கணு சுருங்கி, பக்கத்துக் கணுக்களைப் போலவே ஆகிவிடும். அப்புறம் எது நோயுள்ள கணு என்று யாராலும் சொல்ல முடியாது.

என் ஆரம்ப நாட்களில் ஒரு பெண்மணிக்கு அப்படித்தான் ஆனது. கிளிப் வைக்க நான் சொல்லவில்லை. கீமோ முடிந்து பார்த்தால் ஸ்கேன் சுத்தம். எந்தக் கணுவை எடுப்பது என்று தெரியாமல் அக்குள் கணுக்களை முழுவதும் அகற்றினோம். எடுத்த ஒன்றிலும் புற்றுநோய் இல்லை. அவருக்கு மிஞ்சியது வாழ்நாள் முழுக்கக் கை வீக்கம்.

சாயம் போட்டு சென்டினல் கணுவை, அதாவது மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை, எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 23% பேருக்குக் கிளிப் வைத்த கணு சென்டினல் கணுக்களில் இல்லவே இல்லை. சென்டினலை மட்டும் எடுத்தபோது, நோய் மிச்சமிருந்தவர்களில் 10.1% பேரிடம் அது தவறியது. கிளிப் கணுவையும் தேடி எடுத்தபோது 2% தான்.

கிளிப் வைத்தால் மட்டும் போதாது. அறுவையின்போதே எடுத்த கணுவை எக்ஸ்ரே பிடித்து, கிளிப் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சென்டினல் கணுவில் நோய் என்றதும் அக்குள் கணுக்கள் முழுவதையும் அகற்றுவது

மற்றக் கணுக்களை விட்டுவைத்தாலும் உயிர் பிழைப்பது குறையவில்லை என்று காட்டி, 2011-இல் வெளியான இசட்-0011 ஆய்வு இதை மாற்றிவிட்டது. ஆனால் அது 5 செ.மீ. வரையிலான கட்டி, கையில் தட்டுப்படாத கணுக்கள், நோயுள்ள சென்டினல் கணு ஒன்றோ இரண்டோ, மார்பகத்தைக் காக்கும் அறுவை, பிறகு ரேடியேஷன் என்ற நிலையில் இருந்தவர்களுக்கானது. முதலில் கீமோ எடுத்தவர்களுக்கு அதைப் பொருத்தாதீர்கள்.

கையை அளக்காமல் விடுவது

அறுவைக்கு முன்பே, இரண்டு கைகளையும் அளந்து வையுங்கள்; பிறகு கை வீங்கினால் ஒப்பிட அதுதான் உதவும்.